சூடேற்றத் தெரிந்தால் போதுமா? நிற்கவும் தெரிய வேண்டும்! - வாட்டர் ஹீட்டர் வாங்குவோருக்கு



புது வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பட்டியல் போடுகிறது. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, விசிறி, விளக்கு என்று போகும் அந்த வரிசையில் குளியலறைக்கு ஒரு வாட்டர் ஹீட்டரும் இடம் பிடித்துவிடுகிறது. கடைக்குப் போய் நாம் என்ன கேட்கிறோம்? என்ன விலை? எத்தனை வருட உத்தரவாதம்? வேறு நிறத்தில் இருக்கிறதா? எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால், சூடு அளவைத் தாண்டினால் எது அதை நிறுத்தும், மின்சாரம் கசிந்தால் எது அதை நிறுத்தும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

இந்த வாரக் கலந்துரையாடலில் நாம் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். தண்ணீரைச் சூடாக்குவது பெரிய வித்தை இல்லை. தோட்டத்து லயங்களில் தீபாவளிக் காலையில் மூன்று கல்லும் ஒரு தகர டின்னும் அந்த வேலையைச் செய்தன. இன்றைய ஹீட்டரின் கதை வேறு. வெறுங்காலோடு, நனைந்த உடம்போடு, கதவைத் தாழிட்டுக்கொண்டு நாம் தனியாக நிற்கும் இடத்தில் 230 வோல்ட் மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். ஆகவே அந்தப் பெட்டியின் மதிப்பு அதன் சூட்டில் இல்லை, அதைக் கட்டுப்படுத்தும் கருவிகளில்தான் இருக்கிறது.

நமக்கு எவ்வளவு சூடு தேவை?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் ஊரில் குழாயில் வரும் தண்ணீர் ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸ். இதமான குளியலுக்கு 38 டிகிரி போதும். அதாவது நாம் ஏற்ற வேண்டியது வெறும் 11 டிகிரிதான். இங்கே சாதாரணமாக விற்கும் 3.6 கிலோவாட் ஹீட்டர், ஒரு நிமிடத்துக்கு நாலரை லிட்டருக்கு மேலான தண்ணீரை இந்த அளவுக்குச் சூடாக்கிவிடும். ஒருவர் குளிக்க அது தாராளம்.

பிள்ளைகள் இங்கிலாந்தில் படிக்கும் பெற்றோர்கள் அங்குள்ள வீடுகளில் எரிவாயு பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் அங்கே குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். வீட்டு அறைகளையும் சூடாக்க வேண்டும். அதனால் 24 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பாய்லர்களை வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. கேமரன் மலை போன்ற இடத்தில் வசிப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே தண்ணீர் 18 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஏற்ற வேண்டிய சூடு 20 டிகிரி. அதே 3.6 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் அளவில்தான் வெந்நீர் தரும். ‘ஹீட்டர் சரியில்லை’ என்று அங்குள்ளவர்கள் சொல்வதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

இரண்டு வகை, இரண்டு குணம்

நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சுவரில் மாட்டும் சிறிய பெட்டி. தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும். இதை உடனடி ஹீட்டர் என்போம். மற்றொன்று, 15, 30, 50 லிட்டர் என்று தொட்டியோடு வரும் சேமிப்பு ஹீட்டர். தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கும்.

உடனடி ஹீட்டரில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் சூடு கூடும், குறையும். பலர் அதை ‘தெர்மோஸ்டாட்’ என்று நினைக்கிறார்கள். விலை குறைந்த பல மாடல்களில் அது தெர்மோஸ்டாட் இல்லை. எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை மட்டும் அது முடிவு செய்கிறது. வெளியே வரும் தண்ணீர் எத்தனை டிகிரி என்று அதற்குத் தெரியாது.

இதனால் என்ன ஆகும்? நீங்கள் 38 டிகிரிக்குத் திருகை வைத்துக் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். கீழே சமையலறையில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். உங்கள் ஷவருக்கு வரும் தண்ணீர் நிமிடத்துக்கு மூன்று லிட்டராகக் குறைகிறது. மின்சாரம் அதே அளவில் போவதால் தண்ணீர் 44 டிகிரிக்கு ஏறும். இரண்டு லிட்டராகக் குறைந்தால் 53 டிகிரிக்குப் போகப் பார்க்கும். ‘திடீரென்று சுட்டுவிட்டது’ என்று பிள்ளைகள் அலறுவது இதனால்தான்.

உண்மையான தெர்மோஸ்டாட் உள்ள மாடலில், வெளியேறும் தண்ணீரின் சூட்டை அளக்க ஓர் உணர்கருவி இருக்கும். தண்ணீர் குறைந்தால் அது மின்சாரத்தையும் குறைக்கும். பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் விலை கொஞ்சம் கூடினாலும் இந்த வகையை வாங்குவது நல்லது. கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: “தண்ணீர் வேகம் குறைந்தால் சூடு தானாகக் குறையுமா?” ஆமாம் என்றால், பெட்டியோடு வரும் கையேட்டில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

மூன்று காவல்காரர்கள்

எந்த ஹீட்டராக இருந்தாலும் அதற்கு மூன்று காவல்காரர்கள் வேண்டும்.

முதல் காவல்காரர் தெர்மோஸ்டாட். நாம் கேட்ட சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவார். ஆறினால் மறுபடி திறந்துவிடுவார். அன்றாட வேலை இவருடையது.

இரண்டாம் காவல்காரர் கட்-அவுட். தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடு அளவு மீறினால் இவர் மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிடுவார். சேமிப்பு ஹீட்டர்களில் பெரும்பாலும் இவர் தானாகத் திரும்ப மாட்டார். மூடியைக் கழற்றி ஒரு சிறு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானை நாமே அழுத்திவிட்டு மறுபடி குளிக்கப் போகக் கூடாது. காவல்காரர் கூச்சல் போட்டார் என்றால் திருடன் எங்கோ இருக்கிறான் என்று பொருள். தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் காவல்காரர் நம்மவர்கள் இ.எல்.சி.பி. என்று சொல்லும் கசிவுத் துண்டிப்பான். சிங்கப்பூரில் ஆர்.சி.சி.பி. என்கிறார்கள். இவருக்குச் சூட்டைப் பற்றிக் கவலை இல்லை. மின்சாரம் வழிமாறிப் போகிறதா என்பதை மட்டும் பார்ப்பார். தோட்டத்துப் பிரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், மாலையில் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று கிராணி கணக்குப் பார்க்கிறார். ஒரு தலை குறைந்தாலும் விட மாட்டார். அதைப்போல, ஒரு கம்பியில் போன மின்சாரம் மறு கம்பியில் முழுசாகத் திரும்புகிறதா என்று இ.எல்.சி.பி. கணக்குப் பார்க்கிறது. குறைந்தால், அந்தக் குறைந்த மின்சாரம் நீர் வழியாகவோ ஒரு மனித உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம். நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

அது எவ்வளவு கசிவில் துண்டிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சுமார் 10 மில்லிஆம்பியர் மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30 மில்லிஆம்பியர் அளவில் மூச்சுவிடுவதே சிரமமாகலாம். அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களில் கையாளப்படும் மின்சாதனங்களுக்கு 10 மில்லிஆம்பியருக்கு மேற்படாத கசிவுத் துண்டிப்பான் வேண்டும் என்கின்றன. சாதாரணக் கைச்சாதனங்களுக்கு அந்த அளவு 30 மில்லிஆம்பியர். வீட்டு டி.பி. பெட்டியில் ஓர் இ.எல்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதில் அச்சிட்டுள்ள எண்ணைப் பாருங்கள். அது 100 என்று இருந்தால் குளியலறைக்கு அதை நம்ப முடியாது.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி. அங்கே 1985 ஜூலை மாதத்துக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் ஆர்.சி.சி.பி. கட்டாயமாக இருந்தது. அதற்கு முந்திய வீடுகள் விடுபட்டிருந்தன. 2023 ஜூலை 1 முதல் எல்லாக் குடியிருப்புகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. இல்லாத வீடுகளுக்குக் கொடுத்த இரண்டாண்டு அவகாசமும் 2025இல் முடிந்துவிட்டது. பழைய வீவக வீட்டில் பெற்றோர் தனியாக இருந்தால், அடுத்த முறை போகும்போது மின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

அறுபதா, முப்பத்தெட்டா?

சேமிப்பு ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கேட்கும் பெரிய கேள்வி, தெர்மோஸ்டாட்டை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதுதான். ‘குளிக்க 38 போதும் என்றால் தொட்டியையும் அதே அளவில் வைத்துவிடலாமே, மின்சாரமும் மிச்சம்’ என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது.

வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீர் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர ஹோட்டல் ஒன்றில் கூடியவர்களுக்குப் பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோதுதான் லெஜியோனெல்லா என்ற கிருமி அடையாளம் காணப்பட்டது. 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் அது நன்றாகப் பெருகும். அந்தத் தண்ணீர் ஷவரில் பொடித்துளியாகச் சிதறும்போது மூச்சோடு நுரையீரலுக்குள் போகலாம். 60 டிகிரியில் அந்தக் கிருமி பிழைப்பதில்லை. ஆகவே தொட்டியில் 60 டிகிரி இருக்க வேண்டும்.

ஆனால் 60 டிகிரி தண்ணீர் தோலில் பட்டால், ஏறக்குறைய ஐந்து நொடியில் பெரியவர்களுக்கே ஆழமான தீப்புண் வந்துவிடும். 50 டிகிரியில் அதே புண் வர ஐந்து நிமிடம் ஆகும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வெந்துபோகும்.

ஒன்று கிருமி, மற்றொன்று தீப்புண். இந்த இரண்டுக்கும் நடுவில் வழி காட்டுவது கலப்பு வால்வு. தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும். குழாயில் வரும்போது பச்சைத் தண்ணீரோடு கலந்து 38 முதல் 40 டிகிரியாக வரட்டும். தெர்மோஸ்டாட் பொருத்திய கலப்பு வால்வு, ஒரு பக்கத்துத் தண்ணீர் குறைந்தாலும் கலவையைத் தானே சரிசெய்யும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 60 டிகிரியில் உள்ள 30 லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால், 38 டிகிரியில் 90 லிட்டர் குளியல் நீர் கிடைக்கும். அதே தொட்டியை 45 டிகிரியில் வைத்தால் 50 லிட்டர்கூடத் தேறாது.

செலவு? 30 லிட்டரை 27இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் ஆகும். இரண்டரை கிலோவாட் ஹீட்டருக்கு அரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான வேலை. ஆகவே நாள் முழுவதும் சுவிட்சைப் போட்டு வைக்க வேண்டியதில்லை. குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால் போதும். மறந்துபோகும் வீடுகளுக்கு டைமர் பொருத்திக்கொள்ளலாம். கூரையில் சூரியசக்தி ஹீட்டர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்துக்கென்று அதில் மின்சார பூஸ்டர் ஒன்று இருக்கிறது. அதன் சுவிட்ச் நாள் கணக்கில் போட்டபடியே இருந்தால் சூரியனை நம்பிப் போட்ட பணம் மின்கட்டணத்தில் கரைந்துவிடும்.

நேயர்கள் கேட்டவை

“இடி இடிக்கும்போதெல்லாம் இ.எல்.சி.பி. விழுந்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாமா?” என்று ஒரு நேயர் கேட்டார். நம் நாட்டில் மின்னல் அதிகம். இந்தத் தொல்லை பல வீடுகளில் உண்டு. ஆனாலும் இதற்கு ஒரே பதில்தான்: கூடவே கூடாது. நாய் ராத்திரியில் குரைக்கிறது என்பதற்காக அதை அவிழ்த்து விரட்டிவிடுவோமா? மின்னலுக்கென்று தனிப் பாதுகாப்புக் கருவி இருக்கிறது, அதைப் பொருத்தச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளிலும் விழுகிறது என்றால் எங்கோ உண்மையாகவே கசிகிறது. கண்டுபிடிக்கும் வரை அந்த ஹீட்டரைத் தொடாதீர்கள்.

“சேமிப்பு ஹீட்டரின் அடியில் உள்ள வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?” இது இன்னொரு நேயரின் கேள்வி. தண்ணீர் சூடானால் விரியும். 30 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 400 மில்லி லிட்டர் கூடும். அந்த மிச்சம் வெளியேற ஒரு வழி வேண்டும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்றச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நேரத்தில் கைவிட்டால் கடைசிக் காவல் அந்த வால்வுதான். தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். மூடிய தொட்டியில் அது வெடிகுண்டுக்குச் சமம்.

“என் மாமியாருக்கு நீரிழிவு. தண்ணீர் போதுமான சூடு இல்லை என்று திருகை முழுக்கத் திருப்பிவிடுகிறார்” என்றார் ஒரு தாய். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குக் கால் நரம்புகள் மரத்துப்போகலாம். சுடுகிறது என்ற செய்தியே மூளைக்குப் போகாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறுவதும் கடினம். அப்படிப்பட்டவர்கள் உள்ள வீட்டில் உச்சவரம்பைப் பூட்டி வைக்கும் வசதியுள்ள ஹீட்டரையோ கலப்பு வால்வையோ பொருத்துங்கள். தண்ணீரைக் காலால் சோதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

பொருத்தும்போது கவனிக்க

நல்ல ஹீட்டரும் தவறாகப் பொருத்தினால் எமனாகிவிடும். 3.6 கிலோவாட் ஹீட்டர் இழுக்கும் மின்சாரம் 15 ஆம்பியருக்கு மேல். 13 ஆம்பியர் பிளக்கில் செருகி ஓட்டும் பொருள் அது இல்லை. டி.பி. பெட்டியிலிருந்து அதற்கென்று தனிக் கம்பி வர வேண்டும். குளியலறைக்கு வெளியே, இரண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 ஆம்பியர் சுவிட்ச் இருக்க வேண்டும். எர்த் கம்பி கட்டாயம். ‘எர்த் இல்லாவிட்டாலும் ஓடும்’ என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஓடும்தான். ஆனால் பழுது வரும் நாளில் அந்த மின்சாரம் போக உங்களைத் தவிர வேறு வழி இருக்காது.

மலேசியாவில் எரிசக்தி ஆணையத்திடம் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரில் மின்வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரும், குழாய் வேலைக்கு பியூபியின் உரிமம் பெற்ற பிளம்பரும் தேவை. தாமான் வீடுகளில் கூரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருவதால் மேல்மாடியில் வேகம் குறைவாக இருக்கும். அங்கே பம்ப் உள்ள ஹீட்டர் பொருந்தும். வேகம் போதாமல் சாதாரண ஹீட்டரை வைத்துவிட்டு, ‘இயங்கவே மாட்டேன் என்கிறது’ என்று புலம்புவதில் பயனில்லை. குறைந்த நீரில் இயங்காமல் இருப்பதும் அதன் பாதுகாப்பில் ஒரு பகுதி.

கடையில் ஐந்து நிமிடம்

அடுத்த முறை கடைக்குப் போகும்போது இவற்றைக் கேளுங்கள். மலேசியாவில் சிரிம் முத்திரை, சிங்கப்பூரில் சேஃப்டி மார்க் இருக்கிறதா? உள்ளே கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா, அது எத்தனை மில்லிஆம்பியர்? திருகு வெறும் மின்சார அளவா, உண்மையான தெர்மோஸ்டாட்டா? அதிகபட்சச் சூடு எத்தனை டிகிரி? கட்-அவுட் தனியாக இருக்கிறதா? சேமிப்பு வகையானால், அழுத்த வால்வு உடன் வருகிறதா?

வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் வேலை மாதத்துக்கு ஒரு நிமிடம்தான். ஹீட்டரில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். தண்ணீரைத் திறந்து ஹீட்டரை இயக்கி, ஈரமில்லாத கையால் அதை அழுத்துங்கள். உடனே நின்றால் நல்லது. டி.பி. பெட்டியில் உள்ள இ.எல்.சி.பி.யின் பொத்தானையும் அதே நாளில் அழுத்திவிடுங்கள். நிற்காவிட்டால் அன்றைக்கு அந்தக் குளியலறையில் பச்சைத் தண்ணீர்தான். சுவிட்சை அடைத்து, பக்கத்தில் ‘போடாதே’ என்று ஒரு தாள் ஒட்டி, வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

மின்கட்டணம் வரும் நாள் எல்லா வீட்டுக்கும் நினைவிருக்கிறது. அந்த நாளையே பொத்தான் அழுத்தும் நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை இருந்தால் அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள், அவரும் கற்றுக்கொள்வார்.

அடுத்த வாரம் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.